பிறந்த இடம்: பனையடிமுனை

பனையடிமுனையில் உள்நாட்டுக் கண்காணிப்புப் படைக்கென்று கட்டிய நான்கு மாடிக் கட்டிடம், திறப்புவிழா முடிந்த ஒன்பதாம் நாள், ஒரு புதன்கிழமை மத்தியானம், உப்பளத்துப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறக்கிற நேரத்தில், பிரசவ ஆஸ்பத்திரியாக மாறியது. முதலில் பார்த்தவர்கள் உள்ளே இருந்த காவலர்கள்தான். விசாரணை அறையில் தரையோடு முடுக்கியிருந்த இரும்பு நாற்காலி, முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, பிரசவக் கட்டிலாகக் கிடந்தது. துப்பாக்கி அலமாரியைத் திறந்தவருக்குக் கொதிக்கவைத்து எடுத்த கத்தரிக்கோல்களும், கொப்பூழ்க்கொடி கட்டுகிற நூலும், மடித்து அடுக்கிய வெள்ளைத் துணியும் கிடைத்தன. ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்கிற கருவியைக் காதில் மாட்டியிருந்த தணிகைவேல் என்ற காவலருக்குப் பேச்சு நின்றுபோய், தூரத்தில் நூறு குதிரைகள் ஓடுவதுபோல ஒரு சத்தம் மட்டும் கேட்டது. சுற்றுவட்டாரத்தில் வயிற்றிலிருந்த பிள்ளைகளின் நெஞ்சுத் துடிப்பு அது என்று அவர் புரிந்துகொள்ள மூன்று நாளாயிற்று.

படைத் தலைவர் தாமோதரன் நான்கு மாடியும் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, மேசைக்கு வந்து, தலைநகருக்கு அனுப்புகிற அன்றைய அறிக்கையில் "நிலைமை கட்டுக்குள் உள்ளது, கட்டில்கள் முப்பது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முப்பது என்ற எண் காவலர்கள் வாய்வழியாகக் காதில் விழுந்ததும் ஊர் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் தலைநகரத்து அரசு பனையடிமுனைக்கு முப்பது படுக்கையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியை ஒதுக்கியது. ஒதுக்கி, கல் நாட்டி, கல்லுக்கு மாலை போட்டு, அதோடு மறந்துவிட்டது. ஊரிலிருந்து மாவட்ட ஆஸ்பத்திரி நாற்பத்திரண்டு கிலோமீட்டர், அதில் பாதி உப்பு லாரி போய்ப் போய்க் குழிந்த தடம். அந்தத் தடத்தில்தான், ஒரு லோடு ஆட்டோவில், உப்பளத்தில் வேலை செய்கிற பேச்சிக்கனியின் தலைப்பிள்ளை பிறந்து அழாமலே போனது. மறுநாள் உப்பளத்துச் சனம் முழுக்க உப்பு வாருகிற பலகைகளை ரோட்டுக்குக் குறுக்கே அடுக்கி, "எங்க ஆஸ்பத்திரி எங்க?" என்று கேட்டு ஒன்பது நாள் லாரிகளை மறித்தது. ஆஸ்பத்திரி வரவில்லை, ஊரைப் பதற்றமான பகுதி என்று அறிவிக்கிற தாள்தான் வந்தது. பதற்றமான பகுதி என்றால் அதைக் கவனிக்க ஒரு படை வேண்டும், படை என்றால் அதற்கு ஒரு கட்டிடம் வேண்டும், கட்டிடம் என்றால் அதற்குப் பணம் வேண்டும், பணம் எங்கே என்று தேடியபோது கைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது அந்த ஆஸ்பத்திரிப் பணம்.

அந்த நாட்டின் வரவுசெலவுப் புத்தகத்தில் பள்ளிக்கூடத்துக்கு நாற்பது பக்கம் இருக்கும், குடிதண்ணீருக்கு இருபது பக்கம் இருக்கும், பாலத்துக்கும் ரேஷனுக்கும்கூடப் பத்துப் பன்னிரண்டு பக்கம் இருக்கும். உள்நாட்டுப் பாதுகாப்புக்கு மட்டும் ஒரே ஒரு வரி. அந்த வரிக்குள் போன பணம் எதற்குப் போனது என்று மன்றத்தில் கேட்கக்கூடாது, தணிக்கைக்காரர் புரட்டிப் பார்க்கக்கூடாது, பத்திரிகைக்காரர் எழுதக்கூடாது என்று சட்டம் இருந்தது. வருஷத்துக்கு வருஷம் மற்றப் பக்கங்கள் மெலிந்தன, அந்த ஒரு வரி மட்டும் பெருத்தது.

"புளியங்கொட்டைய எங்க கொண்டுபோயி ஊனுனாலும் புளிதான மொளைக்கும்?" என்றாள் உப்பளத்துச் செல்லக்கிளி. அவ்வளவுதான் பேச்சு. அவள் தூக்குவாளியை மூடிவிட்டுப் பாத்திக்குள் இறங்கினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் பேச்சிக்கனிக்கு வலி எடுத்தது, இது இரண்டாவது பிள்ளை. அவளை ஏற்றிக்கொண்டு லோடு ஆட்டோ மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது, கூட ஊர் நர்ஸ் மரியநேசம் இருந்தாள். இருபத்துமூன்று வருஷமாகப் பனையடிமுனைக்கும் சுற்றியிருக்கிற பதினோரு குடியிருப்புக்கும் அவள் ஒருத்திதான் நர்ஸ். பிறப்பு இறப்புப் பதிவேடும் அவள் பொறுப்பில்தான் இருந்தது, அதை மொபெட் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பாள். வண்டி கண்காணிப்புக் கட்டிடத்துக்கு நேரே வந்ததும், மூன்று பூட்டும் ஒரு சங்கிலியும் போட்ட இரும்புக் கதவு தானாகத் திறந்துகொண்டது.

"நிறுத்துடே வண்டிய," என்றாள் மரியநேசம்.

தாமோதரன் ஓடிவந்து வாசலை மறித்தார். "அம்மா, இது பாதுகாக்கப்பட்ட இடம். யாரும் உள்ள வரக்கூடாது."

"கட்டிலு கெடக்குல்லா?"

"கிடக்கு."

"வெந்நி இருக்கா?"

"இருக்கு. எப்பவும் கொதிச்சுக்கிட்டே இருக்கு, எங்களால அணைக்க முடியல."

"பெறகென்ன, தள்ளும்."

அவர் தள்ளி நின்றார். ஏன் நின்றார் என்று பிற்பாடு விசாரணையில் கேட்டபோது, அந்த அம்மா தள்ளும் என்று சொன்னார், தள்ளினேன் என்று மட்டும் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் பேச்சிக்கனிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பிறந்த பிள்ளை அழுத அழுகை நான்காவது மாடியின் கண்காணிப்பு விளக்கு வரை போய், பட்டப்பகலில் அந்த விளக்கு எரிந்தது. பேச்சிக்கனி பிள்ளையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "அழுவட்டும், நல்லா அழுவட்டும், நிப்பாட்டாதீய," என்று சொல்லிக்கொண்டே கிடந்தாள்.

அதற்கப்புறம் ஊர் அந்தக் கட்டிடத்தைப் பழகிக்கொண்டது. மாசமான பெண்ணும் அவள் கையைப் பிடித்திருக்கிற ஆளும் வந்தால் கதவு திறக்கும், வேறு யாருக்கும் திறக்காது என்பது ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வெளியே காத்திருக்கிற புருஷன்மாருக்காக மதில் ஓரத்தில் ஒரு டீக்கடை முளைத்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் கொண்டுவருகிறவர்கள் பாத்திரத்தைக் கம்பி வேலி வழியாகக் கொடுத்தார்கள், காவலர்கள் வாங்கி மாடிக்குக் கொண்டுபோனார்கள். கட்டிலெல்லாம் நிறைந்துபோனதால் படைவீரர்கள் தாழ்வாரத்தில் பாய் விரித்தார்கள். தணிகைவேல் காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "உங்க பிள்ளை ரெண்டு நாளா மெதுவாத் துடிக்குது, நாளைக்கு வந்து காமிங்க," என்று சொல்லிவிட்டு வந்தார். அரசுக்கு எதிராக யார் பேசுகிறார்கள் என்று கேட்டு எழுத அனுப்பப்பட்ட மனிதர் அவர்.

பயந்தவர்களும் இருந்தார்கள். போலீஸ் கட்டிடத்தில் பிறந்த பிள்ளைக்குக் காலம்பூராவும் போலீஸ் ஃபைல் இருக்கும் என்று சில ஆண்கள் பெண்டாட்டிகளைத் தடுத்தார்கள். மரியநேசம் மொபெட்டை நிறுத்திவிட்டு அவர்களிடம் கேட்டாள்: "ஒம்போது நாளு லாரிய மறிச்சமே, அன்னைக்கே நாம எல்லாரும் ஃபைலுக்குள்ள போயாச்சு. பிள்ளையாவது சொகமாப் பெறந்துட்டுப் போவட்டுமே?"

தாமோதரனின் அறிக்கை நாள்தோறும் தலைநகருக்குப் போனது. "நிலைமை கட்டுக்குள் உள்ளது, இரண்டு பெண், ஒரு ஆண்." "நிலைமை கட்டுக்குள் உள்ளது, இரட்டை." அங்கே இருந்தவர்கள் முதலில் அதைச் சங்கேத மொழி என்று நினைத்து, சங்கேத மொழி அறிந்தவர்களிடம் கொடுத்து ஒரு மாதம் ஆராய்ந்தார்கள். பிறகு விஷயம் புரிந்ததும், கட்டிடத்தைத் திரும்பக் கண்காணிப்புக் கட்டிடமாக்க அதே ஒரு வரியிலிருந்து மறுபடியும் பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் கேமராப் பெட்டிகள் ஒரு லாரி நிறைய வந்தன. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஐஸ் உருகாத தடுப்பூசி மருந்து.

"இது நம்ம ஊருக்கு ஒதுக்குனதுல்ல," என்றாள் மரியநேசம், பெட்டிக்குள் இருந்த மருந்துச் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு. "எந்த ஊருப் பிள்ளைக்கு உள்ளதுன்னு கேட்டு அனுப்பும்."

"கேட்கக்கூடாதும்மா, சட்டம்," என்றார் தாமோதரன்.

"ஒமக்குத்தான சட்டம்?"

அவள் தனக்குத் தெரிந்த நர்ஸ்களுக்கெல்லாம் எழுதினாள். பன்னிரண்டாம் நாள், மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து பஸ் பிடித்து நாலு பெண்கள் வந்து, மூன்று வருஷமாக எங்கள் பிள்ளைகளுக்கு வராத மருந்து இதுதான் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்கள். அதிலிருந்து பனையடிமுனைக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. எங்கள் ஊர்ப் பாலம் உங்கள் பக்கம் எந்த வேலியாகவாவது நிற்கிறதா? எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரையை எந்த முகாமில் போட்டிருக்கிறார்கள்? தலைநகரம் அதுவரை எரிச்சல்தான் பட்டுக்கொண்டிருந்தது, இந்தக் கடிதங்களைப் பார்த்துத்தான் பயந்தது.

சிறப்பு ஆணையர் ஒருவர் வந்தார். மென்மையாகப் பேசுகிற மனிதர். கதவு அவருக்குத் திறக்காததால், மதிலோரத்து டீக்கடை பெஞ்சில் மரியநேசத்துக்கு எதிரே உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசினார்.

"கட்டிடம் உங்களுக்கே இருக்கட்டும்மா. கட்டில், மருந்து, எல்லாம். ரெண்டு மாசத்துல படையையும் எடுத்துக்கிறோம். நீங்க செய்யவேண்டியது ஒண்ணுதான். பிறந்த இடம்னு ஒரு கட்டம் இருக்கில்லையா, அதுல மாவட்ட ஆஸ்பத்திரின்னு எழுதுங்க. இதுவரைக்கும் வெறுமையா விட்டிருக்கிற கட்டத்துலயும் அதையே எழுதிடுங்க."

"ஏன் சார்?"

"இந்த இடத்தை எழுதினா, இது எந்தப் பணத்துல வந்துச்சுன்னு கேள்வி வரும். ஒரு ஊர் கேட்டா எல்லா ஊரும் கேட்கும். எழுதலைன்னா பிரச்சினையே இல்ல. மாட்டேன்னு சொன்னா, பொய்ப்பதிவுன்னு வழக்கு வரும், வேலை போகும். உங்களுக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் ரெண்டு வருஷம்தானே?"

மரியநேசத்துக்கு மனசு ஆடியது. ஆடவில்லை என்று அவள் யாரிடமும் பொய் சொன்னதில்லை. இருபத்துமூன்று வருஷம் லோடு ஆட்டோவில் முழங்கால் போட்டு, ஒரு கையில் பிள்ளையின் தலையும் மறு கையில் ஆட்டோக் கம்பியுமாகப் போனவள் அவள். அந்தக் கட்டத்தில் நாலு எழுத்தை மாற்றி எழுதினால் அந்த ஆட்டோவில் இனி ஏறவே வேண்டாம். அவள் டீயைக் குடிக்காமல், கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்தாள்.

மறுநாள் காலை, வெயில் ஏறி உப்பு கண்ணைக் குத்துவதற்கு முன்னால், பெண்கள் எல்லோரும் வரப்பில் கூடினார்கள். மரியநேசம் ஆணையர் சொன்னதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"எழுதிருங்கக்கா," என்றாள் செல்லக்கிளி. "பேரு என்னவா இருந்தா நமக்கென்ன? கட்டிலு நம்மகிட்ட இருக்கும்லா? ஒங்க வேலையும் இருக்கும். எழுத்தையா திங்கப் போறோம்?"

பல பேர் தலையாட்டினார்கள். அது நியாயமான பேச்சாகத்தான் மரியநேசத்துக்கும் பட்டது. அப்போது பேச்சிக்கனி, மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையை விலக்காமலே, தலையை நிமிர்த்தினாள்.

"யக்கா, அந்த ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலதான் என் மூத்தது செத்துது. வாசலக்கூட அது பாக்கல. இவ அங்கதான் பெறந்தான்னு எழுதுனா, அங்க ஆஸ்பத்திரி நல்லா நடக்குது, பனையடிமுனைக்காரிய எல்லாரும் சொகமாப் போயி பெத்துட்டு வாராளுவன்னு ஆயிரும். அப்போ என் மூத்தது எதுக்குச் செத்துது? நாம எதுக்கு ஒம்போது நாளு ரோட்டுல கெடந்தோம்?" அவள் மூச்சு வாங்கினாள். "நான் ஒங்க வேலைக்கு ஒல வைக்கச் சொல்லல. ஒங்களுக்குப் பயமா இருந்தா மத்த பிள்ளையளுக்கு எழுதுங்க. என் மவளுக்கு மட்டும் எழுதாதீய."

பாத்திகளில் தண்ணீர் வற்றி உப்பு படிகிற சிறு சத்தம் கேட்டது. செல்லக்கிளிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என் பேரனுக்கும் எழுதாதீய."

அப்புறம் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள், என் மகனுக்கும், என் மகளுக்கும், என் வயிற்றில் இருக்கிறதுக்கும் என்று, வரப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. மரியநேசம் பதிவேட்டைப் பிரித்து, அவர்கள் பார்க்க, அதுவரை வெறுமையாக விட்டிருந்த கட்டங்களில் எல்லாம் ஒரே மாதிரி எழுதினாள்: பனையடிமுனைப் பிரசவ ஆஸ்பத்திரி, கண்காணிப்புப் படைக் கட்டிடம். மை காய்வதற்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டுபோய் ஆணையரிடம் காட்டினாள்.

அவர் மென்மையாகவே, வருத்தத்தோடு, தலையாட்டினார்.

நான்காம் நாள் மரியநேசத்தைக் கைது செய்து மாவட்டச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். பதிவேட்டைச் சாட்சிப்பொருளாக எடுத்து அரக்கு வைத்தார்கள். பனையடிமுனைக் கட்டிடத்தின் இரும்புக் கதவை ஆள் வைத்து வெல்டிங் செய்தார்கள். வெல்டிங் செய்த மறுநாள் வலி எடுத்து ஒருத்தி வந்தாள், கதவு பற்றவைத்த இடமெல்லாம் பிளந்து திறந்தது. திரும்பப் பற்றவைத்தார்கள், திரும்பத் திறந்தது. மின்சாரத்தை அறுத்தார்கள், வெந்நீர் அதுபாட்டுக்குக் கொதித்தது. கட்டிடத்தை இடிக்க இயந்திரம் வந்தபோது, பதினோரு குடியிருப்பிலிருந்தும் மாசமான பெண்கள் நடந்து வந்து, முப்பது கட்டிலிலும் படுத்து, இடம் கிடைக்காதவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். இயந்திரத்தை ஓட்டிவந்தவன் அதை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, தலைவரிடம் உத்தரவு கேட்டான்.

தாமோதரன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். பிறகு, "எங்கிட்ட உத்தரவு இல்ல. நீ ஊருக்குப் போ," என்றார். உத்தரவு அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது. அன்றைய அறிக்கையில் அவர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

நாற்பத்தொரு நாள் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதிமன்றத்தில் பனையடிமுனைப் பெண்களுக்கு உட்கார இடம் போதவில்லை, சுவரோரம் பிள்ளைகளோடு நின்றார்கள். மரியநேசம் கூண்டில் ஏறியபோது கன்னம் ஒட்டியிருந்தது, ஆனால் முதுகு நேராக இருந்தது.

அரசு வழக்கறிஞர் எழுந்து, இந்தப் பெண் பிறந்த இடத்தைப் பொய்யாகப் பதிந்திருக்கிறார், அந்தக் கட்டிடம் பிரசவ ஆஸ்பத்திரி அல்ல என்றார்.

"அப்போ அது என்ன கட்டிடம்?" என்று நீதிபதி கேட்டார்.

"அதைச் சொல்ல இயலாது, சட்டம் தடுக்கிறது."

"எந்த நிதியில் கட்டியது?"

"சொல்ல இயலாது."

"அங்கே என்ன வேலை நடக்கிறது?"

"சொல்ல இயலாது."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எது உண்மை என்று உங்களால் சொல்ல முடியாது. இவர் எழுதியது பொய் என்று மட்டும் சொல்ல முடியுமா?"

வழக்கறிஞர் தாமோதரனைச் சாட்சிக்கு அழைத்தார். தாமோதரன் கூண்டில் ஏறி, "அது என்ன கட்டிடம்னு நான் சொல்லக்கூடாது, ஐயா. ஆனா ஏழு மாசமா எனக்குப் படுக்கக் கட்டில் இல்ல, தாழ்வாரத்துலதான் படுத்தேன். அதைச் சொல்லலாமா?" என்று கேட்டார். சுவரோரம் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கூண்டிலிருந்து இறங்கும்போது தொப்பியைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

நீதிபதி யோசித்துவிட்டு, கொஞ்சம் இறங்கின குரலில் மரியநேசத்திடம் பேசினார். "பாரும்மா. இந்த ஒரு கட்டத்தைத் திருத்தித் தரச் சம்மதம்னு சொன்னா, இன்னைக்கே உன்னை விட்டுடலாம். அரசும் வழக்கை வாபஸ் வாங்கிக்கும்னு சொல்றாங்க. திருத்துறியா?"

"பதிவேட்டத் தாங்கய்யா," என்றாள் மரியநேசம்.

அரக்கை உடைத்துப் பதிவேட்டை அவள் முன்னால் வைத்தார்கள். நீதிமன்ற எழுத்தர் தன் பேனாவைக் கொடுத்தார். அரசு வழக்கறிஞர் நிம்மதியாக உட்கார்ந்தார். மரியநேசம் பக்கங்களைப் புரட்டி, எழுதின பக்கங்களையெல்லாம் தாண்டி, கடைசியில் வெறுமையாக இருந்த வரிக்கு வந்து, சுவரோரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் உள்ள இருந்த நாப்பத்தோரு நாளுல எத்தன பெறந்துது?"

"பதினேழுக்கா," என்றாள் பேச்சிக்கனி. "செல்லக்கிளியக்காவும் நானுந்தான் பாத்தோம். பத்து பொம்பளப்பிள்ளை, ஏழு ஆம்பளப்பிள்ளை. எல்லாம் சொகம்."

"தேதியச் சொல்லு, தாய் பேரச் சொல்லு."

பேச்சிக்கனி சொல்லச் சொல்ல மரியநேசம் எழுதினாள். "நிறுத்துங்கள், திருத்தத்தானே சொன்னோம்?" என்று அரசு வழக்கறிஞர் கத்தினார். திருத்துவதற்கு இதில் ஒன்றும் இல்லை, விட்டுப்போனதை எழுதுகிறேன் என்று அவள் நிமிராமலே சொன்னாள். பிறந்த இடம் என்ற கட்டத்துக்கு வந்தபோது, பின்வரிசையில் இருப்பவளுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினாள்: "பனையடிமுனைப் பிரசவ ஆஸ்பத்திரி. கண்காணிப்புப் படைக் கட்டிடம்." ஒரு பிள்ளைக்கு ஒரு தடவையாக, பதினேழு தடவை சொன்னாள். சுவரோரம் நின்றவர்களும் மூன்றாம் தடவையிலிருந்து கூடவே சொன்னார்கள்.

நீதிமன்றத்தில் சொல்லப்படுகிற எதுவும் விடுபடாமல் பதிவாக வேண்டும் என்பது விதி. மூலையில் உட்கார்ந்திருந்த தட்டச்சர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டச்சர் புதுத் தாளைச் செருகி, அந்தப் பெயரை எழுத்து எழுத்தாக அடிக்க ஆரம்பித்தார்.